கேட்டுப் பார்க்கும் வினாக்கள்

எமது பத்திரிகைகளில் அடிக்கடி காணும் வசனம், "தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்" என்பது. செய்தி அறிந்தவர்கள், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கவலைப்படுவார்கள். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இப்படிக் கேட்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதற்காகவே சிறு வினாக்கொத்துகள் உருவாக்கப்பட்டன. அவற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்று நாம் அறிந்திருப்பது நல்லது.

இரண்டு வினாக்கொத்துகள்

பிள்ளை பெற்ற தாய்மாரிடம் குடும்பநல உத்தியோகத்தர் கேட்கும் பத்து வினாக்களை எமது உம்மாமார் சிலர் அறிந்திருப்பார்கள். 1987இல் ஸ்கொட்லாந்தில் வெளிவந்த எடின்பரோ அளவுகோல் அது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா என்று தொடங்கி, தன்னைத் துன்புறுத்தும் எண்ணம் வந்ததா என்பதில் முடியும்.

மற்றையது பி.எச்.கியூ. 9. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது வினாக்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. இதிலும் கடைசி வினாவே உயிரைப் பற்றியது. மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும் அந்த வினாவுக்கு "ஆம்" என்றால் அவருடன் உடனே இருந்து கதைக்க வேண்டும்.

கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

பெற்றோர் பலரின் பயம் இது. 2005இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்றில் 2,000க்கும் அதிகமான பாடசாலை மாணவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிடம் மட்டும் இவ்வினாக்கள் முதலில் கேட்கப்பட்டன. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. கேட்பது விதைப்பதல்ல என்பதை அது காட்டியது.

வன்னியின் சொற்கள்

வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், எம்மவர் துயரத்தை உடலின் மொழியில் சொல்வதைப் பல காலமாகக் கவனித்து வந்தவர். "மனச்சோர்வு இருக்கிறதா?" என்றால் "இல்லை" என்பார்கள். பெருமூச்சு, நெஞ்சுப் பாரம், நித்திரையின்மை, "ஒரே யோசினை" என்றுதான் சொல்வார்கள். 1990இல் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகளின் பின் மீளக் குடியேறிய எமது பெரியவர்களும் அப்படித்தான். எனவே வினாவை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. கேட்பவருக்கு இந்தச் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு

கிளிநொச்சி மாவட்டத்தில் 2012இல் ஒரு இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாழ்ந்தனர். அத்தகைய ஒரு இலட்சம் பேரில் ஓராண்டில் 15 பேர் உயிரை மாய்க்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். வினாக்கொத்து பத்துப் பேரில் ஒருவரைத் தவறாகச் சுட்டினால், ஏறத்தாழ 10,000 பேரின் பெயர் பட்டியலில் வரும். அந்த 15 பேரிலும் சிலர் தப்பிவிடலாம். ஆகவே புள்ளியைப் பார்த்து எவருடைய முடிவையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் வந்த பலருக்குக் கடன், நோய், குடும்பத் தகராறு என்று ஏதோ ஒரு பாரம் இருக்கும். அதைக் கேட்க வைத்தியரோ உளநல உத்தியோகத்தரோ இல்லாவிட்டால் வினாத்தாள் வெறும் தாள்தான்.

நாம் செய்யக்கூடியது

உயிரை மாய்ப்பதை இஸ்லாம் தடுத்திருக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே. துன்பப்படுபவரிடம் முதல் வார்த்தையாக "ஈமான் குறைவு" என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். முதலில் கேட்போம். உயிர்மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. ஆகவே பொலிஸுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

"வாழப் பிடிக்கவில்லை" என்று ஒரு தோழி சொன்னால் அவளைத் தனியே விடாதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். "யாருக்கும் சொல்லாதே" என்று அவள் சத்தியம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இரகசியம் அமானிதம்தான். அவளுடைய உயிர் அதைவிடப் பெரிய அமானிதம்.