பின்வரிசைப் பிள்ளையின் தோழி

கல்வி கண்ணுக்கு ஒப்பானது என்று நாம் பாலர் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறோம். அக்கண்ணைத் திறந்துவிடும் இடம் பள்ளிக்கூடம். ஆகவே ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்றும் எண்ணிவிடுகிறோம். ஆனால் பள்ளிக்குப் போவதும் படிப்பதும் ஒன்றுதானா? இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றுவந்த பிள்ளை, எளிய சொல்லொன்றை எழுத்துக்கூட்டவும் இயலாமல் இருக்கக் கூடுமா? கூடும் என்பதே நகரத்துக் குடிசைப் பகுதிகள் காட்டும் உண்மை.

அத்தகைய பிள்ளைகளுக்காக மும்பையிலும் குஜராத்திலுள்ள வதோதராவிலும் ஒரு தொண்டு நிறுவனம் மேற்கொண்ட முயற்சியை இங்குக் காண்போம். அதில் ஆசிரியைகளாக நின்றவர்கள் பெரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். ஆகவே மாணவியராகிய நமக்கு இது மிக நெருங்கிய செய்தியாகும்.

பிள்ளை பின்தங்குவது எப்படி?

மும்பை பலமொழி மக்களின் நகரம். அங்குள்ள மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்று தாராவியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றன. இம்மாநகராட்சிப் பள்ளிகளில் படிப்போரில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்கும் எளிய மக்களின் பிள்ளைகள்.

அவர்களுள் ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். முதல் வகுப்பில் காய்ச்சலால் ஒரு மாதம் வரவில்லை. இரண்டாம் வகுப்பில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டது. விடுபட்ட பாடத்தைச் சொல்லித் தரத் தாய்க்கும் தந்தைக்கும் எழுத்தறிவில்லை. தனிவகுப்புக்கு அனுப்பப் பணமும் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துகளே அதற்குத் தடுமாற்றம். ஆனால் வகுப்பிலோ பத்தி பத்தியாகப் பாடம் நடக்கிறது. ஆசிரியை இரக்கமற்றவர் அல்லர். ஆண்டு முடிவதற்குள் பாடநூலை முடித்தாக வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. எனவே புரிந்தவர்களோடு பாடம் முன்னே செல்கிறது. புரியாத பிள்ளை கடைசி வரிசையில் அமைதியாக உட்காரப் பழகிக்கொள்கிறது. "மக்குப் பிள்ளை" என்ற பெயரும் வந்து சேர்கிறது. சில ஆண்டுகளில் பள்ளியை விட்டு நின்றாலும் எவரும் வியப்பதில்லை.

இப்பிள்ளைக்குக் குறைந்தது அறிவன்று. அது நிற்கும் இடத்திற்கும் பாடம் நிற்கும் இடத்திற்கும் நடுவே இரண்டாண்டு இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப யாரேனும் ஒருவர் வேண்டும்.

தோழி வந்தாள்

மும்பையில் 1994ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப்பின் துணையோடு, பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் தோன்றியது. வேதியியல் பேராசிரியராக இருந்த மாதவ் சவாணும், நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியைச் சேர்ந்த ஃபரிதா லாம்பேயும் அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள். முதலில் குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளை, அதாவது பாலர் பள்ளிகளைத் தொடங்கினர். அவற்றுக்கெனக் கட்டடம் எழுப்பக் காத்திருக்கவில்லை. கோயிலிலும், மசூதியிலும், வீட்டுக் கூடத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர்.

பின்னர் 1998ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 1999ஆம் ஆண்டில் வதோதராவிலும், 'பால்சகி' என்ற திட்டத்தைத் தொடங்கினர். பால்சகி என்றால் 'குழந்தையின் தோழி' என்று பொருள். பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியிலேயே வாழும் ஓர் இளம்பெண்ணைத் தேர்ந்து, இரண்டு வாரப் பயிற்சி அளித்து, மாதம் ஏறக்குறைய 500 முதல் 750 ரூபாய் வரை ஊதியம் கொடுத்தனர். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கியவர்களுள் 15 முதல் 20 பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தனர். நான்கு மணி நேரப் பள்ளி நாளில் இரண்டு மணி நேரம் அவர்கள் அவளோடு இருப்பர். காலியான வகுப்பறை கிடைத்தால் அங்கே. இல்லையேல் விளையாட்டுத் திடலிலோ தாழ்வாரத்திலோ வகுப்பு நடக்கும். மூன்றாம் வகுப்புப் பாடத்தை அவள் தொடுவதில்லை. முதல் இரண்டு வகுப்புகளில் கற்றிருக்க வேண்டிய எழுத்தையும் எண்ணையும் மட்டுமே கற்பித்தாள்.

நிற்கும் இடத்திலிருந்து நடத்தல்

இம்முறையின் அடிப்படை, பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் அறிவதாகும். பிற்காலத்தில் பிரதம் இதற்கு ஓர் எளிய அளவுகோலைச் செம்மைப்படுத்தியது. எழுத்துகள், சொற்கள், சிறு பத்தி, சிறு கதை ஆகிய நான்கையும் ஒரு தாளில் அச்சிட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுவர். எந்தப் படியில் தடுமாறுகிறதோ அந்தப் படியிலிருந்து கற்பித்தல் தொடங்கும். வயதையும் வகுப்பையும் பாராமல், ஒரே படியில் நிற்பவர்களை ஒன்றாக அமர்த்துவர். சொல்லைப் படிக்கத் தெரிந்த பிள்ளை அடுத்து பத்திக் குழுவிற்குச் செல்லும்.

கணக்கிலும் இவ்வாறே. ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்க வேண்டும் என்று கொள்வோம். கரும்பலகையில் "கடன் வாங்கு" என்றால் பின்தங்கிய பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் அதன் முன் வைப்போம். ஏழு குச்சிகளை எடு என்றால் இரண்டுதான் இருக்கின்றன. உடனே ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பது பிள்ளைக்கே தோன்றும். அவிழ்த்தால் நான்கு கட்டுகளும் பன்னிரண்டு குச்சிகளும் ஆகும். ஏழு குச்சிகளையும் இரண்டு கட்டுகளையும் எடுத்துவிட்டால் மீதி இருபத்தைந்து. கடன் வாங்குதல் என்பது கட்டை அவிழ்த்தலே என்று கை உணர்ந்தபின் மனம் அதனை மறப்பதில்லை.

பலன் உண்டா?

நல்ல எண்ணத்தோடு செய்வதெல்லாம் நற்பலன் தரும் என்று சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகிய ஆய்வாளர்கள் 2001 முதல் மும்பையிலும் வதோதராவிலும் இத்திட்டத்தை ஆராய்ந்தனர். எந்தப் பள்ளியையும் அவர்கள் வெறுங்கையோடு விடவில்லை. குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கும், மறு பாதிப் பள்ளிகளில் வேறொரு வகுப்புக்கும் பால்சகியை அனுப்பினர். தோழி கிடைத்த வகுப்பையும் கிடைக்காத வகுப்பையும் ஒப்பிட இயன்றது. ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

முதலாண்டில் தோழி கிடைத்த வகுப்புகளின் மதிப்பெண் 0.14 திட்ட விலக்கமும், இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கமும் உயர்ந்திருந்தன. பத்தாம் வகுப்புக் கணக்கில் நாம் படிக்கும் அதே திட்ட விலக்கந்தான் இது. எளிமையாகச் சொன்னால், நூறு பேர் கொண்ட வரிசையின் நடுவில் நின்ற பிள்ளை ஏறக்குறைய பதினொரு பேரைக் கடந்து முன்னே வந்தது எனலாம். இந்த உயர்வில் பெரும்பங்கு, கடைசியில் நின்ற பிள்ளைகளுடையது.

மற்றொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். இருபது பேர் வெளியே சென்றதால் வகுப்பறையில் எஞ்சியவர்களுக்கு நெரிசல் குறைந்தது. ஆனால் அவர்களின் மதிப்பெண் அதனால் உயரவில்லை. ஆகவே எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. தன் நிலைக்கு ஏற்ற பாடம் கிடைத்ததே பிள்ளையை உயர்த்தியது என்று கொள்ள இடமுண்டு.

வதோதராவில் கணிப்பொறியில் கணக்கு விளையாட்டுகள் வழியாகவும் கற்பித்துப் பார்த்தனர். கணக்கில் 0.35, பிறகு 0.47 என்று உயர்வு இன்னும் கூடுதலாகவே இருந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு பால்சகிக்கு ஏறக்குறைய 100 ரூபாய் என்றால், கணிப்பொறிக்கு ஏறக்குறைய 700 ரூபாய் ஆயிற்று. பானர்ஜி, டுஃப்லோ ஆகியோருக்கும் மைக்கேல் கிரெமருக்கும் 2019ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, வறுமையைக் குறைக்கும் வழிகளை இவ்வாறு களத்தில் சோதித்தமை சிறப்பித்துக் கூறப்பட்டது.

மறைக்கலாகாத குறைகள்

திட்டம் நின்ற ஓராண்டுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது, உதவி பெற்ற பிள்ளைகள் இன்னும் முன்னேதான் இருந்தனர். ஆனால் அந்த முன்னேற்றம் ஏறக்குறைய 0.10 அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது. நாற்றை நட்டவர் ஒருமுறை நீர் பாய்ச்சிவிட்டுப் போனால் போதாது என்பது உழவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். கல்வித் தொண்டும் அப்படித்தான். ஒரு பருவத்தோடு நின்றுவிடும் உதவியால் அரைப்பயனே விளையும்.

மற்றொரு குறை தோழியைப் பற்றியது. ஒரு பால்சகி சராசரியாக ஓராண்டே அப்பணியில் இருந்தாள். குறைந்த செலவில் நடந்த திட்டம் என்று நாம் பாராட்டும்போது, அந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி ஓர் ஏழைப் பெண்ணின் ஊதியத்தில் செய்யப்பட்டது என்பதையும் நினைவில் கொள்வது நேர்மையாகும். பிள்ளைகளை உயர்த்தும் பணி, அதனைச் செய்பவளையும் உயர்த்த வேண்டாமா? தொண்டு நிறுவனங்களும் அரசும் விடைகாண வேண்டிய கேள்வி இது.

மேலும், தொண்டு நிறுவனம் பள்ளிக்கு மாற்றாகிவிட முடியாது. பள்ளிக்குள்ளேயே, ஆசிரியரின் இசைவோடு நடந்ததால்தான் இத்திட்டம் அத்தனை பிள்ளைகளை எட்டியது. இன்று இக்கருத்து அரசுத் திட்டங்களிலும் இடம்பெற்றுவிட்டது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கவும் எண்ணவும் அறிந்திருக்க வேண்டும் என்னும் குறிக்கோளோடு நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் தேசிய இயக்கமொன்றைத் தொடங்கியது. அதற்கான தேவை பெரிது. முன் சொன்ன அளவுகோலைக் கொண்டு 2005 முதல் கிராமப்புறங்களில் நடத்தப்படும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, 2024ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயன்றவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவே.

நாம் செய்யத்தக்கவை

"நாம் மாணவியர்தாமே, நம்மால் என்ன இயலும்?" என்று கேட்கலாம். மும்பையில் கல்லூரி மாணவியாக இருந்த ஷாஹீன் மிஸ்திரி, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த இடம் தேடினார். பல பள்ளிகள் மறுத்தபின், கொலாபாவிலுள்ள ஹோலி நேம் என்னும் கத்தோலிக்கப் பள்ளி தன் வகுப்பறையைத் திறந்துவிட்டது. 1991ஆம் ஆண்டில் 15 பிள்ளைகளோடும் உடன் பயின்ற தோழியர் தோழர்களோடும் தொடங்கிய அப்பணியே ஆகான்க்ஷா அறக்கட்டளையாக வளர்ந்தது. மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை எத்தனை பெரிய செல்வம் என்பதை இதனால் அறிகிறோம்.

நம் தெருவிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. அவர்களுள் ஐந்து பேருக்கு நாம் கற்பிக்க முன்வந்தால், மேலே கண்டவற்றிலிருந்து சில பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளே பாடநூலைத் திறவாமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கண்டறிவோம். வயதைப் பாராமல் நிலையைப் பார்த்து அமர்த்துவோம். வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் உட்கார்த்தி வைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் கற்பிப்போம். ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். தேர்வு வருகிறது, விடுமுறை வருகிறது என்று நடுவில் விட்டுவிடாமல், நாம் வர இயலாத நாளில் மற்றொரு தோழி வருமாறு முன்னதாகவே ஏற்பாடு செய்வோம். பிள்ளையின் பள்ளி ஆசிரியையிடமும் சொல்லிவைப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பிள்ளையையும் "மக்கு" என்று அழைக்காதிருப்போம். அச்சொல்லைக் கேட்டுக் கேட்டே பல பிள்ளைகள் வாய் திறவாமல் போயினர். கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அருகில் சென்று அமர்ந்து, அதற்குத் தெரிந்த எழுத்திலிருந்து தொடங்குவோமாக.