கடல் பூட்டின நாளில்: படகு வீட்டுக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, உங்கள் வீட்டில் விசைப்படகு வாங்கப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். டீசல் எங்கே போடலாம், எந்த ஐஸ் கம்பெனி நல்லது, எந்த இடத்தில் இறால் கிடைக்கும் என்றெல்லாம் உனக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. ஆனால் கடலே பூட்டிக் கிடந்தால் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கொரோனாவில் இந்த நாகப்பட்டினத்துக் கரையில் நாங்கள் பார்த்ததை வைத்து அதை நான் சொல்கிறேன். இன்னொரு நோய் வருமோ வராதோ, புயலும் வேலைநிறுத்தமும் வராமல் இருக்காது.

தடைக்காலம் நமக்குப் புதுசில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. மார்ச் மாதம் வரும் காசில் கொஞ்சம் ஒதுக்குவோம். ஏப்ரலில் படகைக் கரையேற்றி, தச்சர், வெல்டர், பெயின்டர், வலை கட்டுகிறவர் எல்லோரையும் வைத்து ஒரு வருஷத்து ஓட்டை உடைசலைச் சரிசெய்வோம். 2020-ல் இந்த ஒழுங்குதான் முறிந்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு வந்துவிட்டது. தடைக்காலத்துக்குச் சேர்த்துவைக்க வேண்டிய கடைசி மூன்று வாரக் காசு கையில் வரவேயில்லை. ஏப்ரல் 10-ல் மத்திய அரசு மீன்பிடிக்கு விலக்கு கொடுத்தது, விசைப்படகுக்காரனுக்கு அதனால் என்ன லாபம்? ஐந்தாம் நாள் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அந்த வருஷம் மட்டும் தடையை 47 நாளாகக் குறைத்து மே 31-ஓடு முடித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஹார்டுவேர் கடை பூட்டு, தச்சர் ஊரில் மாட்டிக்கொண்டார், ஸ்பேர் பார்ட்ஸ் வரும் லாரி ஓடவில்லை. ஜூன் 1-ல் கடல் திறந்தும் பல படகு கிளம்ப முடியாமல் கட்டிக் கிடந்தது இதனால்தான்.

அதனால் முதல் வேலை இது: மராமத்துச் சாமானைப் பிப்ரவரி முடிவதற்குள் வாங்கி வீட்டில் வை. ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட், தண்ணீர்ப் பம்புக்கான இம்பெல்லர், கலப்பத்துக்கு வேண்டிய பஞ்சுத் திரி, அடிக்கு அடிக்கும் பெயின்ட், வலை நூல். இவற்றில் எதுவும் மூன்று மாதத்தில் கெட்டுப்போகாது. பெயின்ட் டப்பாவை மட்டும் அடுப்படியில் வைக்காதே.

படகு சும்மா கிடக்கிறது என்று சொல்லாதே

ஓடுகிற படகை விட நிற்கிற படகுக்குத்தான் ஆபத்து அதிகம். கடுவையாற்றில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பார். தினமும் ஏற்றவற்றத்தில் ஏறி இறங்கி, பக்கத்துப் படகோடு உரசி, கயிறு ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டிருக்கும். கயிறு அறுந்தால் ஒரு படகு மட்டும் போகாது, வரிசையே போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது யாராவது போய்க் கயிறு தேயும் இடத்தில் சாக்கையோ பழைய ஹோஸ் பைப்பையோ சுற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் டயர் தொங்குகிறதா, அடியில் தண்ணீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடித்தண்ணீரைப் பார்க்க ஒரு சுலப வழி சொல்கிறேன். உள்ளே ஒரு பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல். அடுத்த முறை போகும்போது தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தால் எங்கோ பிளவு விட்டிருக்கிறது. பம்பு போட்டு இறைத்துவிட்டு நிம்மதியாக வந்துவிடக் கூடாது, பிளவைத் தேட வேண்டும்.

ஊரடங்கில் எல்லோரும் துறைமுகத்துக்குப் போக முடியவில்லை. போனால் போலீஸ் கேள்வி, போகாவிட்டால் படகு கதி அதோகதி. பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருக்கும் படகுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பேர் போய் அந்த வரிசை மொத்தத்தையும் பார்ப்பதுதான் வழி. யார் முறை என்பதை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லி எழுதிவைத்துவிட்டால் அனுமதி வாங்குவதும் சுலபம், பின்னால் “என் பேட்டரியைக் காணோம்” என்று சண்டையும் வராது.

என்ஜினை வாரத்துக்கு ஒருமுறை 15, 20 நிமிஷம் ஓடவிட வேண்டும். படகு தண்ணீரில் இருந்தால் மட்டும். கரையேற்றி வைத்திருக்கும்போது “சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்” என்று யாரையும் சாவியைத் திருப்ப விடாதே. உள்ளே இழுக்கத் தண்ணீர் இல்லாமல் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கருகிவிடும், பிறகு என்ஜினும் சூடேறும். டீசல் டேங்க்கைப் பாதியாக விட்டால் காலிப் பகுதியில் ஈரம் வேர்த்து டீசலில் கலக்கும். முழுசாக நிரப்பிவைப்பதுதான் முறை என்று மெக்கானிக் சொல்வார். திருட்டுப் பயம் இருக்கிற இடத்தில் அதற்கு நான் தலையாட்ட மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் டீசலை இறக்கிவிடு. திரும்ப ஓட்டும் முன் டேங்க் அடியில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, புது ஃபில்டர் போட்டால் போதும்.

பேட்டரி வீட்டுக்கு வரட்டும். ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட்டும் வரட்டும். ஜி.பி.எஸ். வீட்டுக்கு வந்த அன்றே உன் வீட்டுக்காரரை உட்காரவைத்து, அதில் சேமித்திருக்கும் பாயின்ட்டுகளை ஒரு நோட்டில் எழுதச் சொல். எந்த இடத்தில் பாறை, எங்கே வலை மாட்டும், எங்கே கணவாய் விழும் என்று வருஷக்கணக்கில் சேர்த்த சொத்து அது. உப்புக்காற்றில் செட்டு போய்விட்டால் புதுச் செட்டு வாங்கலாம், பாயின்ட்டை எந்தக் கடையில் வாங்குவாய்? அந்த நோட்டு உன் பீரோவில் இருக்கட்டும். ஊரில் எவர் கேட்டாலும் “எனக்கென்ன தெரியும், அவரைக் கேளுங்க” என்று சொல்லிவிடு.

வலையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, தரையில் படாமல் தூக்கிக் கட்டு. வெயில் நைலானை நைத்துவிடும், எலி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மரப்படகைக் கரையேற்றியிருந்தால் பலகை காய்ந்து இடைவெளி விடும், ஈரச்சாக்கு போட்டு மூடிவை.

இனிப் பணம்

இது கசப்பான பேச்சு, இருந்தாலும் கேள். படகு ஓடாத மாதத்தில் வீட்டுச் செலவை விட முன்பணம்தான் கழுத்தை நெரிக்கும். சீசன் தொடக்கத்தில் ஆட்களுக்கு நாம் கொடுத்த முன்பணம் ஒரு பக்கம். ஏலக்காரரிடம் நாம் வாங்கிய முன்பணம் இன்னொரு பக்கம். கடல் பூட்டியதும் ஆட்கள் “அக்கா, இன்னும் கொஞ்சம்” என்று வருவார்கள். நீ கொடுக்க ஏலக்காரரிடம் போவாய். அவர் முகம் சுளிக்காமல் கொடுப்பார். ஏனென்றால் அவருக்கு வட்டி முக்கியமில்லை, உன் மீன் முக்கியம். கடன் தீரும்வரை உன் பிடி வேறு ஆளிடம் போக முடியாது, அவர் சொன்னதுதான் விலை, கமிஷன் தனி. கொரோனாவுக்குப் பிறகு கடல் திறந்தபோது ஏற்றுமதி இறாலும் கணவாயும் விலை இறங்கிக் கிடந்தது. அப்போது கை கட்டிக் கிடந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் அபிப்பிராயம்: ஏலக்காரரிடம் போவதற்கு முன் பேங்கில் நகையை வை. நகை போனால் மனசு வலிக்கும், மீட்டுவிடலாம். விலை பேசும் உரிமையை அடகு வைத்தால் மீட்க ரொம்ப நாளாகும்.

கிசான் கிரெடிட் கார்டு விவசாயிக்கு மட்டும் என்று நினைக்காதே, 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. நடைமுறைச் செலவுக்கு 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான். கஷ்டம் வந்த பிறகு விண்ணப்பம் போட்டால் பேங்க்காரர் கண்ணில் நீ ஆபத்தான ஆள். நன்றாக ஓடும்போதே வாங்கி வைத்துக்கொள்.

2020-ல் ரிசர்வ் வங்கி கடன் தவணையை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தள்ளிப்போட விட்டது. பலர் கடனே போச்சு என்று கொண்டாடினார்கள். கட்டாத மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படி ஒரு சலுகை மறுபடி வந்தால், கையில் காசு இருந்தால் கட்டு, அறவே இல்லாவிட்டால் மட்டும் தள்ளிப்போடு. இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதே. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, ஊரடங்கில் மிச்சம் பிடித்து பிரீமியத்தை விட்டவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

அரசாங்க நிவாரணம் பற்றி ஒரு வார்த்தை. அந்த வருஷம் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய். நம்மைப் போன்ற படகு வீட்டுக்கு இது ஒரு மூலைக்குக் காணாது, நம் படகில் போகிற ஆட்களின் வீட்டுக்கு அதுதான் அடுப்பு எரிந்த காசு. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர்கள் 1,500 கட்டினால் அரசுகள் 3,000 போட்டு 4,500-ஆகத் திரும்பி வரும். இதெல்லாம் பேங்க் கணக்கு உயிரோடு இருந்தால்தான் வரும். பல பேர் கணக்கைத் தொட்டு வருஷக்கணக்காகி அது முடங்கிக் கிடக்கும். உன் படகு ஆட்களின் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, பேங்குக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்துக் கணக்கை ஓடவைத்து, ஆளுக்கு 100 ரூபாய் போட்டு எடுக்கச் சொல். சங்க உறுப்பினர் அட்டையில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றா என்றும் பார். உனக்கு ஒரு மத்தியான வேலை, அவர்களுக்கு இரண்டு மாத அரிசி.

வெளியூர் ஆட்கள் படகில் இருந்தால் பொறுப்பு இன்னும் கூடும். ஊரடங்கில் ஊருக்குப் போக ரயில் இல்லை, படகுதான் அவர்களுக்கு வீடு. அரிசி, பருப்பு, குடிதண்ணீர், அடுப்புக்கு கேஸ், இதோடு போன் ரீசார்ஜ். கடைசியைச் செலவு என்று நினைக்காதே, வீட்டோடு பேசாத ஆள் மூன்றாம் வாரம் நடந்தாவது போய்விடுவான். நம் பிள்ளைகளும் அக்கரைச் சீமையில் அப்படிக் கிடந்தவர்கள்தானே? ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்களை ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 2020 ஜூலை 1-ல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கும்வரை அந்த வீடுகளில் உலை கொதித்ததா என்று யோசி. கொடுத்ததையெல்லாம் தேதி போட்டு, ஆளின் கையெழுத்தோடு நோட்டில் எழுது. இது முன்பணக் கணக்கா, சும்மா கொடுத்ததா என்பதை அன்றைக்கே பேசி முடித்துவிடு. நான் சாப்பாட்டுக்குக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்கமாட்டேன், உங்கள் அத்தானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நோய்க்காலத்தில் கடலுக்குப் போகும்போது

எட்டுப் பேர், பத்துப் பேர் ஒரு கேபினில் தலைமாடு கால்மாடாகப் படுக்கிற படகில் இடைவெளி விடு என்று யாரும் சொல்ல முடியாது. முடிந்தது ஒன்றுதான்: ஆளை மாற்றாதே. முதல் நடை போன அதே ஆட்கள் அடுத்த நடையும் போகட்டும். காய்ச்சல், இருமல் இருப்பவனைப் பங்கு போகுமே என்ற பயத்தில் மறைக்க விடாதே. அவனுக்கு அந்த நடைக்குப் பாதிப் பங்காவது உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவனே வந்து சொல்வான். கைகழுவக் கடல் தண்ணீரே போதும் என்பார்கள், உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதற்கென்று ஒரு கேன் நல்ல தண்ணீர் தனியாக ஏற்று. சானிடைசர் தீப்பிடிக்கும் சாமான், அடுப்புப் பக்கமும் என்ஜின் ரூமிலும் வைக்கக் கூடாது. கையில் பூசிக்கொண்ட கையோடு பீடி பற்றவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று படகில் இருக்கட்டும். 94-க்குக் கீழே இறங்கினால் வலையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். நடுக்கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. இந்த எண்ணை கேபின் கதவில் பெயின்டால் எழுதச் சொல், போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும்.

கரையில் கூட்டம் கூடக் கூடாது என்று ஏலத்தை நிறுத்திவிட்டால் மீன் தேங்கும். கூடைக்கார அக்காக்களுக்கு பஸ்ஸும் இருக்காது. நெத்திலி, சூடை, வாளை இதையெல்லாம் ஐஸில் போட்டு விலைக்குக் காத்திருக்காமல் அன்றே கருவாடாக்கு. நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு கணக்கு. மணலில் கொட்டாமல் வலைப்பந்தலில் காயவை, மண் இல்லாத கருவாட்டுக்கு விலையே வேறு. ஊரடங்கில் கறியும் மீனும் கிடைக்காமல் உள்ளூரில் கருவாட்டுக்குத் தவித்தவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகள் பற்றியும் கேட்பாய். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்தே பழகின உடம்பு, தூங்கவும் தெரியாது. சும்மா இருந்தால் சீட்டும் பாட்டிலும்தான். வலை பொத்த உட்காரவை, பிள்ளைக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்கச் சொல். அதற்கு மேல் எனக்கும் வழி தெரியாது.

கடல் திறக்கிற தேதி அறிவித்த உடனே செய்யவேண்டியது: எல்லோருக்கும் முன் ஐஸுக்குச் சொல்லிவை, ஐஸ் கம்பெனியும் அன்றுதான் மெஷினை ஓட்டத் தொடங்கும், முதல் மூன்று நாள் அடிதடி. முதல் நடையைப் பல நாள் தங்கலுக்கு விடாதே. காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற தூரத்தில் ஒரு ஓட்டம் ஓட்டி என்ஜின், வின்ச், பம்பு எல்லாம் பார்த்துவிட்டு வரட்டும். அந்த நடையில் வரும் மீனை வியாபாரிக்குக் காட்டாதே. ஆட்கள் வீட்டுக்கு ஒரு பை, கயிறு பார்த்த பக்கத்துப் படகுக்காரர் வீட்டுக்கு ஒரு பை, மிச்சம் உனக்கு. முதல் பில் அடுத்த நடையில் போட்டுக்கொள்ளலாம்.