ரெய்டு இருக்கிறதே, என்ன கவலை?

முதல் பழுதில் தப்பிய டேட்டா, பதற்றத்தில் தட்டிய ஒரே கமாண்டில் போய்விடும். சர்வர் பார்ப்பவர்கள் சொல்லக் கேட்கும் நான்கு நம்பிக்கைகளை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை: ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாம்.
உண்மை: பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் 1988இல் ரெய்டை முன்வைத்தது, விலை மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து வேகம் கூட்டவும், ஒன்று கெட்டாலும் வேலை நிற்காமலிருக்கவும்தான். ரெய்டு-5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், ரெய்டு-6 இரண்டு. கைதவறி அழித்த ஃபோல்டரை அது திருப்பித் தராது. அழித்ததையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக எழுதிவைக்கும்.

நம்பிக்கை: மவுண்ட் ஆகவில்லையா, உடனே ரிப்பேர் ஓட்டு.
உண்மை: ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே ரெய்டு, அதற்கும் கீழே டிஸ்க்கும் கேபிளும். சோதனை அடியிலிருந்து தொடங்க வேண்டும். டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் கூடினால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து லினக்ஸில் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலைத் திறங்கள். நான்கு டிஸ்க் உள்ள ரெய்டில் எல்லாம் நலமென்றால் நான்கு 'யு' வரிசையாக நிற்கும்; ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த டிஸ்க் விலகிவிட்டது. இதெல்லாம் தெளிந்த பிறகும் ரிப்பேர் கமாண்டை முதலில் 'என்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அது எதையும் திருத்தாது, பழுதை மட்டும் சொல்லும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் பெரிய 'எல்' ஆப்ஷன், மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக்கையே துடைத்துவிடும். வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொட வேண்டும்.

நம்பிக்கை: ரெய்டு அரே எழவில்லை என்றால், லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஆட்மில் 'கிரியேட்' போட்டு மறுபடி உருவாக்கிவிடலாம்.
உண்மை: 'கிரியேட்' பழைய அடையாளக் குறிப்பின் மேல் புதிதாக எழுதிவிடும். டிஸ்க் வரிசை, சங்க் அளவு, டேட்டா தொடங்கும் இடம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் ஃபைல்கள் கலைந்த சீட்டுக்கட்டுதான். டேட்டா தொடங்கும் இடம் எம்டிஆட்ம் பதிப்புக்குப் பதிப்பு மாறியும் இருக்கிறது. அதனால் முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'எக்ஸாமின்' ஓட்டி, வருவதை வேறு கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அதில் 'ஈவென்ட்ஸ்' என்றொரு எண் இருக்கும். மற்றவற்றைவிட மிகவும் பின்தங்கிய எண்ணைக் காட்டும் டிஸ்க்தான் முதலில் விலகியது. அதிலுள்ள டேட்டா பழையது. அந்த டிஸ்க்கை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றை 'அசெம்பிள்' செய்யுங்கள்.

நம்பிக்கை: ஃபைல் சிஸ்டத்தின் சூப்பர்பிளாக் கெட்டால் எல்லாம் போச்சு.
உண்மை: எக்ஸ்டி4 அதற்கு நகல்கள் வைத்திருக்கிறது. 4 கேபி பிளாக் என்றால் முதல் நகல் வழக்கமாக 32768ஆம் பிளாக்கில் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டி ரிப்பேரைத் தொடரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. டிடிரெஸ்க்யூ கொண்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுதாக நகலெடுங்கள். பரிசோதனை எல்லாம் நகலில் நடக்கட்டும், அசலில் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். இப்படித் தவிக்கும் நிலையே வராமலிருக்க, இன்றைக்கே உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.