பத்திரம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு

இலத்தூரிலிருந்து தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பத்திரக் கட்டைச் சுமந்து அலைந்தே என் காலம் போயிற்று. இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது, கெட்ட பத்திரத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பற்றி. ஒரு குடும்பத்தின் வழக்கே அதில் நிற்கும். வக்கீலும் கோர்ட்டும் இங்கிலீஷ் சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் இடம் மாற்றிப் போட மாட்டீர்கள்.

1. ‘ஃபோர்ஜரி’ கொல்லன் பட்டறையில் பிறந்த சொல். லத்தீனில் ‘ஃபாப்ரிகா’ என்றால் பட்டறை; பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘ஃபோர்ஜ்’ ஆயிற்று. இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்குவதற்கு இருந்த சொல், பிறகு இல்லாத கையெழுத்தை உருவாக்குவதற்கும் வந்துவிட்டது. 1775-ல் கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமாரைத் தூக்கிலிட்டது இந்தக் குற்றத்தைச் சொல்லித்தான். ஆகையால் புகாரில் வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். அடுத்தவர் வயலைத் தன் வயல் என்று சொல்லி, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு ஒருவன் கிரையம் கொடுத்தால் அது பொய். ஆனால் ஃபோர்ஜரி ஆகாது. முகமது இப்ராகிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கினவன் ஏமாந்திருந்தால் அவன் மோசடி என்று போகலாம். ‘சொந்தக்காரர் நான்தான்’ என்று ஆள்மாறாட்டம் செய்து, அவர் பெயரில் கையெழுத்திட்டால் அது பட்டறை வேலை. பேனாவைத் திறக்கும் முன் கேளுங்கள்: போட்ட கை யாருடையது, போட்ட பெயர் யாருடையது?

2. ‘கவுண்டர்ஃபிட்’ என்றால் எதிரே வைத்துச் செய்தது. அசலை முன்னால் வைத்து அதே மாதிரி அடிப்பது. காசு, நோட்டு, முத்திரைத்தாள் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். போலி முத்திரைத்தாள் வழக்கில் சிக்கிய தெல்கி அடித்தது அந்த வகை.

3. ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லில் நான் அடிபட்டிருக்கிறேன். லத்தீனில் அதற்கு ‘இரட்டித்தது’ என்றே பொருள், குற்றம் ஏதுமில்லை. நம் கடைத்தெருவில்தான் அது போலிக்குப் பெயர். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு விதவையம்மாவின் மனுவில், சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாக எடுத்த நகலை ‘டூப்ளிகேட் பத்திரம்’ என்று எழுதிவிட்டேன். எதிர்த்தரப்பு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. திருத்த மனு, வாய்தா என்று அந்த அம்மா பஸ் ஏறி ஏறி அலைந்தார்கள். இன்றுவரை என் மனசு ஆறவில்லை. ‘சான்றிட்ட நகல்’ என்றே எழுதுங்கள்.

4. ‘ஃபேக்’ லண்டன் திருடர்களின் பாஷை. ‘போகஸ்’ அமெரிக்காவில் 1827 வாக்கில் கள்ளக்காசு அடிக்கும் எந்திரத்துக்கு இருந்த பெயர். மனுவில் இரண்டும் வேண்டாம்.

5. ‘அசல்’ அரபியிலிருந்து வந்தது; வேர் என்று அர்த்தம். நம் ‘மூலம்’ என்பதற்கும் அதே அர்த்தம்தான். பெரியபுராணத்தில் கிழவராக வந்த சிவபெருமானின் ஓலையைச் சுந்தரர் கிழித்தாரே, அது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபையில் வெளியே வந்தது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை எடுத்து, பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்ட பிறகே சபை தீர்ப்புச் சொன்னது. தாய்ப்பத்திரம் கையில் வந்தால் நீங்களும் அதே ஆளின் வேறு கையெழுத்து ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

6. பத்திரத்துக்கு வைக்கும் பெயர் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சொல்லுக்கும் காலம் உண்டு. நம் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். 825 கூட்டினால் ஏறக்குறைய இங்கிலீஷ் வருஷம் வரும். ஒருமுறை 1105 என்று தேதி போட்ட பத்திரம் வந்தது, அதாவது 1929-30. தாள் பழுப்பு, மடிப்பில் கிழிசல், எல்லாம் பொருத்தம். பரப்பு மட்டும் ஹெக்டேரில் இருந்தது. மெட்ரிக் அளவுச் சட்டமே 1956-ல்தான் வந்தது. கொண்டுவந்தவரிடம் அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். பேசாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.