பூட்டைச் சோதிக்கும் கல்வி



நம் கடைக் கணக்கு இன்று கணினியில் இருக்கிறது. பணமோ கைத்தொலைபேசி வழியே வருகிறது. ஆகவே கள்வனும் அவ்வழியே வருகிறான். அவன் நுழையக்கூடிய இடத்தை முன்னதாகவே கண்டு அடைப்பதற்கென்று ஒரு கல்வி உண்டு. ‘ஹேக்கிங்’ என்ற பெயரைக் கேட்டதும் அது ஹராமான தொழில் என்று ஒதுக்குவோர் நம்மில் இருக்கிறார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

நெதர்லாந்து தேசத்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பார்ட் யாகோப்ஸ் என்பவரின் குழுவினர் ‘மைஃபேர் கிளாசிக்’ என்னும் சிப்பை ஆராய்ந்தார்கள். லண்டன் ரயில் கட்டண அட்டையிலும் பல அலுவலகங்களின் கதவு அட்டையிலும் அந்நாளில் இருந்தது அதுவே. அதைக் காத்த குறியீட்டு முறையை நிறுவனத்தார் இரகசியமாக வைத்திருந்தனர். அம்முறை பலவீனமானது, அட்டையைப் போலியாகப் படியெடுக்கலாம் என்று 2008 மார்ச்சில் குழுவினர் நிரூபித்தார்கள்.

கள்வனாயின் போலி அட்டை செய்து விற்றிருப்பான். இவர்களோ அரசாங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் முதலில் அறிவித்தார்கள். முழு விவரத்தை அக்டோபரில் ஸ்பெயின் நாட்டு மாநாட்டில்தான் வெளியிட்டார்கள். இடையில், வெளியிடக் கூடாதென்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆர்ன்ஹெம் நீதிமன்றம் ஜூலை 18-ல் தடைவிதிக்க மறுத்துவிட்டது. தீங்கு நேர்ந்தால் அது குறையுள்ள சிப்பை விற்றதால் நேர்வது, குறையை எடுத்துரைத்ததால் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். எடைக்கல் குறைகிறதென்று சொன்னவன்மீது வியாபாரி கோபிக்கலாமா?

ஆனால் நல்ல நிய்யத் மட்டும் போதாது. பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்த பின்பே நுழைய வேண்டுமென்று அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பிறர் கணினிக்கும் இந்த ஒழுக்கமே பொருந்தும். சட்டமும் அப்படியே. அனுமதியின்றி நுழைந்தால், மலேசியாவின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். சிங்கப்பூரில் இதற்கென 1993-லேயே சட்டம் வந்துவிட்டது. உடையவரின் எழுத்து மூலமான சம்மதம் பெற்றுச் சோதிப்பதும், கண்ட குறையை முதலில் அவரிடமே சொல்வதும் இத்துறையின் அமானிதம்.

இத்துறையில் ஆய்வாளராக விரும்பும் பிள்ளைக்குக் கணிதம் நன்கு வரவேண்டும். கணினியியலில் பட்டம் பெற்று, பிறகு சில ஆண்டுகள் முனைவர் ஆய்வு செய்ய வேண்டும். அதன்பின் பல்கலைக்கழகத்தில் போதிக்கலாம், ஆராயலாம். கடையில் உட்கார்ந்தால் மறுநாளே கல்லாவில் காசு விழும். இதிலோ பலன் தாமதித்தே வரும். அதற்காகப் பிள்ளையைத் தடுத்துவிட வேண்டாம். நம் கல்லாவைக் காக்க நாளை அவனைப் போன்றவர்களே வேண்டும்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.