வேலையில் காயம்பட்டவருக்கு நாம் செய்ய வேண்டியது



ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நம் ஸஃப்புகளில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிரஸ் மெஷினில் விரலை இழந்தால் பார்க்கப் போகிறோம். "அல்லாஹ்வின் நாட்டம், ஸப்ரு செய்யுங்கள்" என்கிறோம். அது சரிதான். ஆனால் அத்தோடு நம் கடமை முடிந்துவிடுமா?

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு, அறியாமைக் காலத்தில் குலாப் போரில் துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் வந்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம். அப்படியிருந்தும் இழந்த உறுப்புக்காக மார்க்கம் வழிவிட்டது. எனவே, இழப்பை ஈடுகட்ட முயல்வது தவக்குலுக்கு எதிரானதல்ல.

முதலாவது, சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். தையல் பிரித்ததும் கை குணமாகிவிடாது. அசையாத விரலின் மூட்டு இறுகிவிடும். மருத்துவர் சொன்னபடி பிசியோதெரபி பயிற்சியை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். கட்டின் மீது மஸஹ் செய்யவும், நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்து தொழவும் அனுமதி உண்டு.

இரண்டாவது, உரிமையைக் கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு, வேலைக்காயத்தால் வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்திற்கு மாதாந்திரத் தொகையும், தேவைப்பட்டால் செயற்கை உறுப்பும் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்துக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறை என்றாலும் முதலாளி இழப்பீடு தர வேண்டும்; 1923 முதலே அதற்குச் சட்டம் இருக்கிறது. விபத்தை அன்றே பதிவேட்டில் எழுத வையுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இது யாசகம் அல்ல, ஹக்கு.

மூன்றாவது, ஜமாஅத்தின் பொறுப்பு. கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக்கினார்கள். தாம் பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நம்மில் கடை, பட்டறை வைத்திருப்பவர்கள், காயம்பட்டவரின் கைக்கு ஏற்ற வேலை ஒன்றை ஒதுக்குங்கள். படித்த இளைஞர்கள் படிவம் நிரப்பிக் கொடுங்கள். ஊரும் மொழியும் தெரியாத வடமாநிலச் சகோதரருடன் மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள்.

காயம்பட்டவர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும் ஹலாலான ரிஸ்கையும் தருவானாக! அவர்களுக்குத் துணை நிற்க நமக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.