தொட்டி வாயில் நிற்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பயிற்சி முடிந்து நிலையத்தில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் தீயணைப்புத் துறைக்குப் போனதில் அவருக்குப் பெருமை. அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தைக் குறைக்க என்னிடம் மருந்து எதுவும் இல்லை. நீ கேட்டு அனுப்பிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "ஒருத்தர் ரெண்டு பேரைக் காப்பாத்த பத்துப் பேர் உயிரைப் பணயம் வைக்கலாமா ஐயா? கணக்குப் பார்த்தா நஷ்டம்தானே?" என்று கேட்டிருந்தாய்.

பத்துப் பேர் போனாலும் பரவாயில்லை, ஒருவர் பிழைக்கட்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை, தம்பி. ஒருவருக்காக ஒருவர் இறங்குகிறார். அவருக்காக இன்னொருவர். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்க்கும்போதுதான் அது பலராகியிருக்கும்.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே பார். அத்தி வரதர் குளத்திலிருந்து வெளியே வந்த 2019-ஆம் வருடம். அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 26 அன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆறு பேர் இறந்துபோனார்கள். அதில் மூன்று பேர் ஒரே வீடு: அப்பா, இரண்டு மகன்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவர் விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார். ஒவ்வொரு தடவையும் அது ஒருவருக்கு ஒருவர்தான். அப்பா உள்ளே கிடக்கும்போது எந்த மகன் நின்று கணக்குப் போடுவான்?

அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதையும் கேட்டுக்கொள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இறங்கும்போது அந்த நாற்றம் நின்றுவிட்டால் ஜனங்கள் வாயு போய்விட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் அளவு ஏறி மூக்கு மரத்துப்போயிருக்கும். இன்னும் ஏறினால் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். கத்தக்கூட நேரம் இருக்காது. மேலே நிற்பவனுக்கோ அவன் கால் வழுக்கி விழுந்ததுபோலத்தான் தெரியும். அதனால்தான் அடுத்தவன் தைரியமாக இறங்குகிறான். பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தைச் சொல்லிக்கொண்டு யாராவது பெரியவர் வருவார். கழிவுநீர்த் தொட்டியில் மீத்தேனும் இருக்கும். விளக்கை வாங்கி அணைத்துவிட்டு அவரை மரியாதையாகத் தள்ளி நிற்கச் சொல்.

நீ போய்ச் சேரும்போது உள்ளே ஒருவரோ இருவரோ கிடப்பார்கள். தொட்டி வாயில் இன்னொருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு இருப்பான். உன் முதல் மீட்பு அவன்தான். அவனைப் பிடி. இடுப்பைக் கட்டிப் பிடி, தேவைப்பட்டால் கீழே தள்ளி உட்கார வை. அவன் உன்னை அடிப்பான், உன் அம்மாவை இழுத்துத் திட்டுவான். அவனுடைய அக்காவோ மனைவியோ "நீங்கள்லாம் எதுக்கு வந்தீங்க?" என்று உன் முகத்துக்கு நேரே கேட்பாள். மூச்சுக் கருவியான பி.ஏ. செட்டை மாட்டி, முகமூடி சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, முக்காலியை விரித்து, இடுப்புக் கயிற்றைக் கோத்து நீ இறங்குவதற்குள் சில நிமிடம் போய்விடும். மூச்சு நின்ற மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். ஆகவே நீ எல்லாம் சரியாகச் செய்தும் உள்ளே இருப்பவர் இறந்திருக்கலாம். அந்த வீட்டுக்காரர்கள் ஆயுசுக்கும் உன்னை மன்னிக்காமல் போகலாம். இந்த வேலையில் தீயைவிடச் சுடுவது அதுதான்.

இதைப் படித்துவிட்டு, நிறையப் பேர் ஆபத்தில் இறங்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. மௌலிவாக்கம் அப்போது நம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2014 ஜூன் 28 சாயங்காலம் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள், 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். பக்கத்திலேயே அதே ஆள் கட்டிய அதே மாதிரிக் கட்டடம் இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. 2016 நவம்பரில்தான் அதை வெடி வைத்து இறக்கினார்கள். அரக்கோணத்திலிருந்து போன தேசிய பேரிடர் மீட்புப் படை, நம் துறை, போலீஸ் என்று நூற்றுக்கணக்கானவர்கள் நின்றுகொண்டிருந்த அந்தக் கட்டடத்தின் நிழலிலேயே நாள் கணக்கில் வேலை பார்த்தார்கள். மூன்று நாள் கழித்தும் ஒருவர் உயிரோடு வந்தார். தலையை எண்ணினால் பலர் சிலருக்காகத்தான். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. இடிபாட்டில் காற்றுப் பொந்து இருக்கும், உள்ளே ஆள் பிழைத்திருக்க வழியுண்டு, போனவர்களுக்கும் தொழில் தெரியும்.

சில்க்யாராவை நினைத்துப் பார். 2023 நவம்பரில் உத்தரகாசிச் சுரங்கத்தில் 41 பேர் 17 நாள் மாட்டிக்கொண்டார்கள். நடுவில் ஒரு நாள் உள்ளே பெரிய விரிசல் சத்தம் கேட்டதும் துளையிடுவதை நிறுத்திவிட்டார்கள். டிவி பார்த்துக்கொண்டிருந்த நமக்கெல்லாம் பொறுக்கவில்லை. ஆனால் குழாய் வழியே காற்றும் சாப்பாடும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் இருந்ததால் வெளியே இருப்பவர்கள் நிதானிக்க முடிந்தது. கடைசி சில மீட்டரை எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையாலேயே குடைந்தார்கள். 41 பேரும் நடமாடும் நிலையில் வெளியே வந்தார்கள்.

முறையாகச் செய்தாலும் உயிர் போகலாம். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018-இல் பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டபோது, முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உள்ளே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோனார். பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள். பிழைத்தது ஒரே ஒருவராக இருந்திருந்தாலும் அவர் போனது சரி என்றே சொல்வேன். தெரிந்து, தயாராக, உயிரோடு இருப்பவர்களுக்காகப் போனார்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் இரவில் பூட்டியிருந்த பேக்கரியில் தீ. சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்; வேடிக்கை பார்த்த பொதுமக்களும் பலர் காயப்பட்டார்கள். 2020 தீபாவளி நேரத்தில் மதுரையில் பழைய கட்டடத்து ஜவுளிக் கிடங்கு எரிந்தபோது சுவர் இடிந்து நம் ஆட்கள் இரண்டு பேர் போனார்கள். இறந்தவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை, அவர்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் உள்ளே காப்பாற்ற ஆள் இல்லாத தீக்கு எவ்வளவு கிட்டே போவது என்று கேட்கிற பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. 2017 மே கடைசியில் தி.நகர் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடை எரிந்தபோது மாடியில் இருந்த ஊழியர்களை முதலில் இறக்கினார்கள். பிறகு ஒரு நாளுக்கு மேல் வெளியிலிருந்தே தண்ணீர். மறுநாள் விடியற்காலை கட்டடத்தில் ஒரு பகுதி சரிந்தபோது யாரும் சாகவில்லை. ஒரு புடவைக்கு எத்தனை நாள் உழைப்பு என்று உன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எரியட்டும் என்று விட உனக்குத்தான் கை நடுங்கும். இருந்தாலும் விடு.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோர்வைப் புடவையில் கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் இல்லாமல் உன் அப்பா உடலை நெய்ய உட்கார்ந்ததே இல்லை. அதுபோல, தனியாக இறங்காதே. காற்றுக் குறைந்து கூட வருபவன் சிலிண்டர் விசில் அடித்தால் உன்னுடையதில் எவ்வளவு மீதி இருந்தாலும் அவனோடு வெளியே வா. போ, நில் என்று சொல்வது நிலைய அலுவலரின் வேலை. அவர் நில் என்றால் நில். கேள்வியைத் திரும்பி வந்த பிறகு கேள், கட்டாயம் கேள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதக் கழிவை மனிதர் அகற்ற வைப்பதை 2013 சட்டம் தடைசெய்திருக்கிறது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் தரச்சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிவிட்டது. முதல் ஆளை இறக்காதிருந்தால் நீயும் நானும் இதைப் பேசவே தேவையில்லை. ஓய்வு நேரத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து விடுதிகளுக்கும் கேன்டீன்களுக்கும் போய் மூடிகளைப் பார். லாரி வைத்து உறிஞ்சுகிறார்களா, ஆளை இறக்குகிறார்களா என்று கேள். உன் பதவிக்கு இது மிஞ்சிய வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தாய். வைகாசி கருட சேவைக்கு ஊருக்கு வருவேன், அப்போது நானே பேசுகிறேன். அதற்குள் நீ கண்ணை மூடிக்கொண்டு பி.ஏ. செட் மாட்டப் பழகியிரு. அவர் முன்னாலேயே ஒரு தரம் மாட்டிக் காட்டச் சொல்வேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் ஒருவர்